ஆய்வேட்டின் கடைசிப் பதினான்கு பக்கங்கள்

ஆய்வேட்டின் நூற்பட்டியலைத் தானாக அடுக்கித் தரும் மேற்கோள் மென்பொருளில் வரும் கோளாறுகளைச் சரிசெய்யும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். உங்களுக்குப் பயிற்சி வகுப்பு நடந்திருக்கிறது, சான்றிதழ் தந்திருக்கிறார்கள், கழுத்தில் அட்டை தொங்குகிறது. நான் இந்த வேலைக்கு வந்தபோது என்னிடம் இருந்தவை இருபத்திரண்டு வருடப் பத்திரிகை அனுபவமும், அதில் சம்பாதித்த இரத்தக் கொதிப்பும், அடுத்தவர் எழுதியதில் எப்படியும் ஒரு தப்பு இருக்கும் என்ற நல்லெண்ணமும்தான். மென்பொருளை எப்படி ஓட்டுவது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால் அதைப் பற்றிப் பேசப்போவதில்லை. நான் முழு வெற்றியோடு சரிசெய்த ஒரு கோளாறைப் பற்றிச் சொல்கிறேன். இந்தத் தொழிலில் நான் செய்த ஆகப் பெரிய தவறு அதுதான்.

இரண்டாயிரத்து ஏழில் பத்திரிகை எனக்கு விருப்ப ஓய்வு கொடுத்தது. விருப்பம் யாருடையது என்று கடிதத்தில் குறிப்பிடவில்லை. சொந்த ஊரான விருத்தாசலத்துக்கு வந்து, ஜங்ஷன் ரோட்டில் ஆய்வேடுகளும் கோர்ட்டுத் தாள்களும் தட்டச்சு செய்து தரும் ஒரு கடையில் சேர்ந்தேன். கடைக்கு எதிரே ஒரு கொட்டகை. அங்கே பீங்கான் பொம்மைகளைத் தாளில் சுற்றி, வைக்கோல் திணித்து, பெட்டியில் அடுக்குவார்கள். எங்கள் கடையில் வீணாகும் தாள்கள் சனிக்கிழமைதோறும் அந்தக் கொட்டகைக்குப் போகும். நம் மாவட்டத்து ஆராய்ச்சி அதிகமாகப் பயன்பட்டது அந்த வகையில்தான்.

கடை முதலாளி மங்கலம்பேட்டைக்காரர், என்னைவிடப் பத்து வயது இளையவர். எல்லோருக்கும் அவர் பாய். வளைகுடாவில் ஒரு சான்றிதழ் மொழிபெயர்ப்புக் கடையில் பல வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவர். ஆய்வேடுகளில் ஒரு வரியும் படிக்கமாட்டார். ஆய்வேட்டோடு வருகிறவர்களின் முகத்தைப் படிப்பார். படிப்பது என் வேலை என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததால் எங்களுக்குள் தகராறு வந்ததில்லை.

மென்பொருளோ வெளிநாட்டு விஞ்ஞானிகளுக்காகச் செய்தது. உலகத்தில் எல்லோருக்கும் குடும்பப் பெயர் உண்டு, எல்லா எழுத்துக்கும் ஆசிரியர் உண்டு என்பது அதன் மதம். நம் ஆட்களின் முதலெழுத்தைக் கொடுத்தால் அப்பாவை ஆசிரியராக்கி, மகனைச் சுருக்கிவிடும். நீதிமன்றத் தீர்ப்பைக் கொடுத்தால் யார் எழுதியது என்று கேட்கும். அரசாணையைக் கொடுத்தால் திகைத்துவிடும், ஏனென்றால் அரசாணை எண்ணைப் போட அதில் இடமே கிடையாது. ஆகவே எங்கள் ஊரில் ஒரு வழக்கம் ஏற்பட்டிருந்தது. எங்கும் இடமில்லாத எதையும் ‘குறிப்பு’ என்ற பெட்டியில் போட்டுவிடுவது. குறிப்புப் பெட்டி அச்சில் வராது. எழுதுகிறவர் தன் நினைவுக்காக வைத்துக்கொள்வது. மாடிப்படிக்கு அடியில் இருக்கும் இடம் மாதிரி. துடைப்பமும் அங்கேதான், பத்திரமும் அங்கேதான்.

தமிழுக்கு வேறு தொல்லை. அன்றைக்கு நாங்கள் பயன்படுத்திய தமிழ் எழுத்துரு ஒரு வேஷம். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து, வெளியே தெரிவது தமிழ் உருவம். மென்பொருள் நூற்பட்டியலை அச்சுக்கு அனுப்பும்போது எல்லாவற்றையும் ஒரே ஆங்கில எழுத்துருவுக்கு மாற்றிவிடும். வேஷம் கலைந்து, தமிழ் இருந்த இடத்தில் ஆங்கிலக் குப்பை நிற்கும்.

வக்கீல் ஆரோக்கியமேரி ஒரு செவ்வாய்க்கிழமை வந்தார். ஊர் நீதிமன்றத்தில் தொழிலாளர் வழக்குகள் நடத்துகிறவர். பகுதிநேரமாக ஏழு வருடம் ஆராய்ச்சி செய்து, பீங்கான் தொழிற்கூடங்களில் தூசியால் நுரையீரல் கெட்டவர்களுக்கு இழப்பீட்டுச் சட்டம் என்ன செய்கிறது என்று ஆங்கிலத்தில் ஆய்வேடு எழுதியிருந்தார். ஒன்றும் செய்வதில்லை என்பதை நிறுவ அவருக்கு நானூறு மேற்கோள்கள் தேவைப்பட்டிருந்தன. பதிவுக்காலம் அந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. கேட்கக்கூடிய நீட்டிப்பை எல்லாம் ஏற்கெனவே கேட்டு முடித்திருந்தார்.

தொழிற்கூடங்களுக்குள் அவரைச் சும்மா விடவில்லை. முதலாளிகள் சங்கத்தின் செயலாளர் ஒரு நிபந்தனை போட்டிருந்தார்: ஆய்வு முடிந்ததும் சங்கத்துக்கு ஒரு பிரதி தரவேண்டும். உள்ளே பேசிய இருபத்து மூன்று தொழிலாளர்களும் ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள்: எங்கள் பெயர் எங்கேயும் வரக்கூடாது. வந்தால் மறுநாள் வேலை இருக்காது. இரண்டுக்கும் வக்கீல் ஒத்துக்கொண்டிருந்தார். முதல் அத்தியாயத்திலேயே, பேசியவர்களின் பெயர்கள் வெளியிடப்படவில்லை என்று எழுதியும் இருந்தார். அந்த வாக்கியத்தில் ஒரு காற்புள்ளியைத் திருத்தியது நான். ஆகவே எனக்குத் தெரியாது என்று சொல்ல வழியில்லை.

வழிகாட்டிப் பேராசிரியர் இரண்டு குறைகள் சொல்லி அனுப்பியிருந்தார். அரசாணைகளுக்கு எண் இல்லை. தமிழ் நூல்களின் பெயர்கள் குப்பையாக இருக்கின்றன. “ரெண்டும் முடியுங்களா சார்? முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க” என்றார் வக்கீல். பத்திரிகை அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடம் முடியாது என்று சொல்ல வாய்ப்பே கிடைக்காதவன் நான். முடியும் என்றேன்.

முதல் குறை சுலபம். அரசாணை எண்கள் எல்லாம் ஊர் வழக்கப்படி குறிப்புப் பெட்டியில் இருந்தன. குறிப்புப் பெட்டியையும் அச்சில் கொண்டுவா என்று மென்பொருளுக்கு உத்தரவு போட்டேன். எண்கள் வரிசையாக வந்து நின்றன. கூடவே பட்டியலில் குப்பையும் கொஞ்சம் கூடியது. இரண்டு மூன்று தமிழ் நூல்களில் மட்டும் இருந்த ஆங்கிலக் குப்பை, நேர்காணல் என்ற பதிவுகளுக்குப் பின்னாலும் தெரிந்தது. அது எங்கிருந்து வந்தது என்று நான் கேட்டிருக்கவேண்டும். குப்பையைப் பார்த்தால் கூட்டத்தான் தோன்றும், விசாரிக்கத் தோன்றாது.

இரண்டாவது குறைக்கு ஒரு பகல் முழுக்க ஆனது. குப்பையாக நின்ற ஒவ்வொரு இடத்தையும் தேடிப்பிடித்து, தமிழ் எழுத்துருவைத் திரும்ப மாட்டினேன். பிறகு மெய்ப்புப் பார்த்தேன். சிவப்புப் பேனாவோடு, எழுத்தெழுத்தாக, நூற்பட்டியலின் பதினான்கு பக்கமும். கொளஞ்சி என்பதில் ளகரம் சரியா என்று பார்த்தேன், சரி. சூளைப் பிரிவு, சரி. இரண்டு வருடமாக இருமல், சரி. முகமூடி கேட்டதற்கு மேஸ்திரி திட்டினார், ஒற்று சரி. குறிப்புப் பெட்டியில் வக்கீல் தன் நினைவுக்காகத் தமிழில் எழுதி வைத்திருந்த இருபத்து மூன்று பெயர்களையும், அவர்கள் வேலை பார்க்கும் இடத்தையும், அவர்கள் சொன்னதையும் ஒரு பிழையில்லாமல் அச்சேற்றினேன். ஒரு மனிதனின் வேலைநீக்க உத்தரவுக்கு மெய்ப்புப் பார்த்தவன் என்ற பெருமை எனக்கு உண்டு. அதுவும் இருபத்து மூன்று முறை.

வியாழக்கிழமை காலை ஐந்து பிரதிகளும் பைண்டிங் முடிந்து வந்தன. பத்து மணிக்கு வக்கீல் வந்து கடைசிப் பக்கங்களை ஒரு புரட்டுப் புரட்டினார். அரசாணை எண்கள் இருக்கின்றன, தமிழ் தமிழாக இருக்கிறது, குப்பை இல்லை. எனக்கு நன்றி சொன்னார். நான் அடக்கமாக ஏற்றுக்கொண்டேன். ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு தொழிற்பேட்டைக்குப் போய்ச் சங்கச் செயலாளரின் அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, அப்படியே கோர்ட்டுக்குப் போவதாகவும், மாலை பஸ்ஸில் பல்கலைக்கழகம் கிளம்புவதாகவும் சொன்னார். மீதி நான்கு பிரதிகளையும் கட்டித் தூக்கிப்போக ஒரு ஆள் வருவார் என்றார்.

ஆள் பதினொன்றரைக்கு வந்தார். நாற்பது வயதிருக்கும், ஒல்லி. பெஞ்சில் உட்கார்ந்து இருமி முடித்துவிட்டு, கட்டுவதற்குச் சணல் வரும்வரை மேலே இருந்த பிரதியை எடுத்துப் புரட்டினார். ஆய்வேடு முழுக்க ஆங்கிலம். அவருக்குப் படிக்கத் தெரிந்தது தமிழ். ஆகவே தமிழ் எங்கே வருகிறதோ அதுவரைக்கும் புரட்டினார்.

“சார், இதுல எம் பேரு போட்டிருக்குது.”

நான் நிமிர்ந்து பார்த்து, இந்தத் தொழிலில் யாரும் கேட்டிருக்காத ஒரு கேள்வியைக் கேட்டேன். “சரியாத்தான போட்டிருக்கு?”

“பேரு சரியாத்தாங்க இருக்குது” என்றார் கொளஞ்சி. “போடமாட்டேன்னு அந்தம்மா சொன்னாங்களே.”

பக்கத்தை வாங்கிப் பார்த்தேன். முந்தின நாள் நான் எழுத்தெழுத்தாகப் பார்த்த அதே பக்கம். இந்த முறை படித்தேன்.

கொளஞ்சி அடுத்தடுத்த பெயர்களை விரலால் தொட்டுக்கொண்டே போனார். “மீதிப் பேரையெல்லாம் நாந்தாங்க கூட்டியாந்தேன். தைரியமா பேசுங்கடான்னு சொன்னதே நாந்தான்.” கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

இப்போது நிலைமை இது. நான்கு பிரதிகள் எங்கள் மேசையில். ஐந்தாவது பிரதி, இந்த இருபத்து மூன்று பேரில் பாதிப் பேருக்குச் சம்பளம் கொடுக்கிறவரின் மேசையில், ஒரு மணி நேரத்துக்கு மேலாக. வக்கீலின் செல்போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது, கோர்ட்டில் இருந்தார்.

பாயிடம் சொன்னேன். விளக்கவேண்டியிருக்கவில்லை. பக்கத்தைப் பார்த்தார், கொளஞ்சியைப் பார்த்தார். “பேருங்கறது பேப்பர்ல ஏர்ற வரைக்குந்தான் சார் நம்மளுது” என்று மட்டும் சொன்னார். அவர் இருந்த தேசத்தில் ஒரு தாளில் ஒரு பெயர் ஏறியதால் பெட்டி கட்டி ஊருக்கு வந்தவர்களை அவர் பார்த்திருக்கிறார்.

எனக்கு உடனே ஒரு யோசனை வந்தது. செயலாளருக்குப் போன் செய்து, கடைசிப் பக்கங்களில் பிழை இருக்கிறது, தயவுசெய்து படிக்கவேண்டாம், ஆள் அனுப்பி வாங்கிக்கொள்கிறோம் என்று சொல்லிவிடலாம். நேர்மையான யோசனை. ரிசீவரைக் கையில் எடுத்தும் விட்டேன். பாய் அதன்மேல் கை வைத்தார்.

“பேப்பர்ல நீங்க திருத்தம் போடுவீங்கல்ல சார். போட்டா எத்தினி பேரு அந்தப் பழைய பேப்பர தேடி எடுத்துப் படிப்பாங்க?”

“எல்லாரும்” என்றேன்.

“அப்பறம்?”

பிழையை ஒப்புக்கொள்வது என் மனச்சுமையைத்தான் குறைத்திருக்கும். கொளஞ்சியின் வேலைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. இதை நான் யோசிக்கத் தொடங்குவதற்குள் பாய் எண்ணைச் சுழற்றிவிட்டார்.

“அண்ணே, வணக்கண்ணே. ஜங்ஷன் ரோட்டு டைப்பிங் கடை பாய் பேசறேன். ஒரு தப்பு நடந்துபோச்சுண்ணே. வக்கீலம்மா புக்குல நன்றி சொல்ற பக்கம் இருக்குதுல்ல, அதுல உங்க பேரு விட்டுப்போச்சு. நாளைக்கி யுனிவர்சிட்டிக்குப் போயிடுதுண்ணே. அந்த ஒண்ண இப்பவே குடுத்தனுப்பிச்சீங்கன்னா சேத்துத் தந்துடுவோம்.” கொஞ்சம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, என்னைப் பார்த்தபடியே சொன்னார்: “எங்காளு ஒருத்தருதாண்ணே விட்டுட்டாரு. பேப்பர்ல வேல பாத்தவரு.” அந்தப் பக்கம் செயலாளர் பத்திரிகைத் தொழிலைப் பற்றி ஏதோ சொன்னார் போல. பாய் மறுக்கவில்லை.

கால் மணி நேரத்தில் செயலாளரின் சொந்தக் காரிலேயே புத்தகம் வந்தது. கூடவே ஒரு தாள். தன் பெயரை எப்படிப் போடவேண்டும் என்று அவர் கைப்பட எழுதியிருந்தார்: முதலெழுத்துகள் இரண்டு, பட்டம் ஒன்று, பதவிகள் நான்கு. அவரை மட்டும் மென்பொருளால் சுருக்கவே முடிந்திருக்காது. நான் புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை பார்த்தேன். மடிப்பு விழுந்திருந்த ஒரே பக்கம் நன்றியுரை. தன் பெயரைத் தேடியிருக்கிறார். கிடைக்காத வருத்தத்தில் மேலே படிக்கவில்லை. ஏழு வருட ஆராய்ச்சியை ஒரு மனிதன் எப்படிப் படிப்பான் என்பதை நான் அன்று கற்றுக்கொண்டேன். இருபத்து மூன்று குடும்பங்களின் சார்பில் அந்தப் பழக்கத்துக்கு நன்றி சொல்லிக்கொண்டேன்.

பாய் பைண்டரைக் கூப்பிடப் போனார். நான் கணினிக்குத் திரும்பினேன். ஆபத்து தாண்டியது என்று இருவரும் நினைத்தோம். கொளஞ்சி மட்டும் எழுந்திருக்காமல் மேசைக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே முந்தின நாள் நான் சிவப்புப் பேனாவால் டிக் அடித்துத் தள்ளிய மெய்ப்புத் தாள்கள் ஒரு கட்டாக இருந்தன.

“பொம்ம சுத்தற பேப்பரு இங்கேருந்துதான வருது?” என்றார். “நம்ம ஆளுங்க சுத்தும்போது படிச்சிக்கிட்டேதாங்க சுத்துவாங்க. மேஸ்திரியும் படிப்பாரு.”

எங்களுக்கு அது தோன்றவே இல்லை. சனிக்கிழமை அந்தக் கட்டு தானாகவே எதிர்க் கொட்டகைக்குப் போயிருக்கும். பெயரும் பிரிவும் இருமலும் பீங்கான் பிள்ளையார்களைச் சுற்றிக்கொண்டு, சரியான மேற்பார்வையாளரின் கையில் சரியாகப் போய்ச் சேர்ந்திருக்கும். பாய் அந்தக் கட்டைப் பின்பக்கம் தண்ணீர்த் தொட்டியில் போட்டு, கூழாகும்வரை ஊறவைத்தார். அன்றிலிருந்து ஆய்வேட்டு மெய்ப்பு எதுவும் கடையை விட்டு முழுத் தாளாக வெளியே போனதில்லை.

ஒரு மணிக்கு வக்கீல் வந்தார். நடந்ததை நான்தான் சொன்னேன். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். “எவ்ளோ நேரம் அங்க இருந்துது?” என்று கேட்டார். ஒன்றரை மணி நேரம் இருக்கும் என்றேன். பெஞ்சில் கொளஞ்சிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மெதுவாக, “அந்தப் பொட்டியில வச்சது நாந்தாண்ணே. அச்சுல வராதுன்னு நெனச்சேன்” என்று அவரிடம் சொன்னார். எனக்கு அது ஆறுதலாக இருந்திருக்கவேண்டும். இல்லை. அவர் வைத்தது அச்சில் வராத இடத்தில், வரவைத்தவன் நான்.

பெயர்களை ஒவ்வொன்றாக வக்கீல் தன் நோட்டில் எண் போட்டு எழுதிக்கொண்டார். எழுதி முடித்ததும் நான் கணினியில் அழித்தேன். அரசாணை எண்களை மட்டும் தலைப்போடு சேர்த்துவிட்டு, குறிப்புப் பெட்டியை மூடினேன். பைண்டர் ஐந்து பிரதிகளிலும் கடைசிப் பதினான்கு பக்கங்களை அறுத்தெடுத்துப் புதியவற்றை ஒட்டினார்.

மீதி இருந்தது நன்றியுரை. வக்கீல் முடியவே முடியாது என்றார். அந்தச் செயலாளரின் தொழிற்கூடத்தின் மீது வக்கீலே இரண்டு வழக்குகள் நடத்திக்கொண்டிருந்தார். “இந்தாளுக்கு நான் எதுக்கு நன்றி சொல்லணும்?”

“சொல்லாட்டி புக்க மறுபடியும் பிரிச்சுப் பாப்பாரும்மா” என்றார் பாய். “இந்தத் தடவ கடைசி வரைக்கும்.”

வக்கீல் பேனாவைத் திறந்தார். பிறகு ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் எழுதிக் கொடுத்தார். செயலாளரின் முதலெழுத்து, பட்டம், நான்கு பதவிகள் எல்லாம் போட்டு, அவர் இல்லாவிட்டால் இப்படி ஓர் ஆய்வுக்குத் தேவையே ஏற்பட்டிருக்காது என்றும், அதற்காக அவருக்குத் தான் கடமைப்பட்டிருப்பதாகவும் எழுதியிருந்தார். நான் மெய்ப்புப் பார்த்தேன். இருபத்திரண்டு வருடத்தில் என் கைக்கு வந்த வாக்கியங்களில் திருத்த ஒன்றுமே இல்லாத ஒன்று அது. செயலாளர் அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்துக் கண்ணாடி போட்டு அலுவலகத்தில் மாட்டினார். போகிறவர் வருகிறவரிடமெல்லாம் காட்டினார் என்று கேள்வி.

இதிலிருந்து உங்களுக்கு ஒன்று சொல்லலாம் என்றால் இதுதான். கோளாறு என்று ஒன்று உங்களிடம் வரும்போது, அதைச் சரிசெய்யும் திறமை உங்களிடம் இருக்கும். அதில் எனக்குச் சந்தேகமில்லை. சரிசெய்வதற்கு முன்னால், அந்தக் கோளாறு இதுவரை யாரையாவது காப்பாற்றிக்கொண்டிருந்ததா என்று பாருங்கள். நான் கூட்டித் தள்ளிய குப்பைக்குப் பின்னால் இருபத்து மூன்று பேர் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்கள். இன்னொன்று, உங்களுக்குத் தெரிந்த மொழியில் ஒரு பக்கம் பிழையில்லாமல் தெரிந்தால், அதை நீங்கள் இன்னும் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான்கு மணிக்குப் பிரதிகள் தயார். வக்கீல் பஸ்ஸுக்கு முன்பதிவு செய்யப் போயிருந்தார். சணல் கட்டுவதற்கு முன்னால் கொளஞ்சி ஒரு பிரதியைக் கேட்டு வாங்கினார். கொடுக்கலாமா என்று எனக்கு ஒரு கணம் தயக்கம். அந்தத் தயக்கத்துக்கு எனக்கு எந்த உரிமையும் இல்லை என்பதால் கொடுத்தேன். நேராகக் கடைசிப் பக்கங்களுக்குப் போனார். ஆங்கிலத்தில் இருந்ததை நான் தமிழில் சொல்லிக் காட்டினேன்: சூளைத் தொழிலாளி, நேர்காணல் ஒன்று. சூளைத் தொழிலாளி, நேர்காணல் இரண்டு. அப்படியே இருபத்து மூன்று வரை. விரலை வைத்து மேலிருந்து கீழே ஒருமுறை, கீழிருந்து மேலே ஒருமுறை போனார்.

“சார், இதுல நான் எதுங்க?”

பார்த்தேன். எண்ணை வக்கீல் தன் நோட்டில்தான் வைத்திருந்தார். எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. தெரியவில்லை என்று சொன்னேன்.

“அப்ப சரிங்க” என்று சொல்லிவிட்டு, புத்தகத்தை மூடிக் கட்டில் வைத்தார்.